ஏட்டில் எழுதிய சுயாட்சி

சட்டப் புத்தகத்தில் ஏறிய உரிமையெல்லாம் மக்கள் கைக்கு வந்த உரிமையாகிவிடுமா? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர், அயர்லாந்தின் தலைவராய் விளங்கிய ஜோன் ரெட்மண்டின் வாழ்க்கையை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

1856ஆம் ஆண்டு வெக்ஸ்போட் பகுதியிற் பிறந்த ரெட்மண்ட், 1881இல் பிரித்தானியப் பாராளுமன்றத்துட் புகுந்தார். நியாயவாதியாகப் பயின்றவர், அரசியற் பேச்சுக்காக 1888இல் சிறையும் சென்றவர். பார்னலின் வீழ்ச்சியாற் பிளவுண்டு கிடந்த ஐரிஷ் கட்சி 1900இல் மீண்டும் ஒன்றுபட்டபோது, அதன் தலைவராகத் தெரியப்பட்டார். 1902இல் நிலவுடைமையாளரின் பிரதிநிதிகளோடு அவரும் தோழர்களும் கூடியமர்ந்து கண்ட இணக்கமே 1903ஆம் ஆண்டு நிலச் சட்டத்துக்கு அடிகோலியது. பிறர் நிலத்தில் வாரமிறுத்து உழுத குடியானவர், அரசாங்கக் கடன் பெற்று அந்நிலத்தைத் தமதாக்கிக்கொள்ள அச்சட்டம் வழிவகுத்தது. பேச்சுவார்த்தையே வீணென்போர் இதனை மறத்தலாகாது.

1910ஆம் ஆண்டுத் தேர்தல்களில் லிபரல் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை. தராசின் முள் ரெட்மண்டின் கைக்கு வந்தது. பிரபுக்கள் சபையின் தடையதிகாரம் 1911இல் ஒடுக்கப்பட்டது. 1912இல் சுயாட்சி மசோதா வந்தது. டப்ளின் ஆட்சியின் கீழ்த் தாம் சிறுபான்மையாவோம் என அஞ்சிய அல்ஸ்டர் புரட்டஸ்தாந்தர், காசனின் தலைமையில் தொண்டர் படை திரட்டினர். 1914 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் லாண் துறைமுகத்திற் களவாக இறங்கின. அரசாங்கமோ எவர்மீதும் வழக்குத் தொடுக்கவில்லை.

1914 செப்டெம்பர் 18ஆம் நாள் சுயாட்சிச் சட்டம் அரச சம்மதம் பெற்றது. அதே நாளில், அதனைச் செயற்படாது நிறுத்திவைக்கும் மற்றொரு சட்டமும் சம்மதம் பெற்றது! உலக யுத்தம் காரணமாகக் காட்டப்பட்டது. இரண்டு நாட் கழித்து வுட்டன்பிறிட்ஜில் பேசிய ரெட்மண்ட், ஐரிஷ் தொண்டர்கள் யுத்தம் எங்கு நிகழினும் சென்று போரிட வேண்டும் என்றார். பல்லாயிரம் இளைஞர் சென்றனர், பல்லாயிரவர் மீளவில்லை. 1917இல் பெல்ஜியப் போர்முனையில் அவருடைய தம்பி வில்லியும் மாண்டார்.

இதற்குக் கிடைத்த கைம்மாறு யாது? 1916ஆம் ஆண்டு ஈஸ்டர் கிளர்ச்சி அடங்கிய பின், கருணை காட்டுமாறு ரெட்மண்ட் வேண்டியும் பதினைந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டே லோயிட் ஜோர்ஜ் சமரசம் பேச வந்தார். அல்ஸ்டரின் ஆறு பகுதிகளை விலக்குவது தற்காலிகமே என்று ரெட்மண்ட் விளங்கிக்கொண்டார். அது நிரந்தரமென்று காசனுக்கோ எழுத்திலேயே உறுதி அளிக்கப்பட்டிருந்தது. உண்மை வெளிப்பட்டபோது ரெட்மண்ட் உடன்பட மறுத்தார். ஆயினும், பிரிவினைக்கு இணங்கியவர் என்ற பழி அவரைவிட்டு நீங்கவில்லை.

1918 மார்ச் 6ஆம் நாள் அவர் இறந்தார். அவ்வாண்டு டிசெம்பர்த் தேர்தலில் அயர்லாந்தின் 105 ஆசனங்களில் சின் பெயின் 73ஐ வென்றது. அவர் கட்சிக்கு எஞ்சியவை ஆறே. 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நாளேனும் நடைமுறைக்கு வராமலே 1920இல் நீக்கப்பட்டது.

ரெட்மண்டைத் துரோகி என்பது நீதியன்று. தன்னலம் கருதியவரல்லர், 1915இல் தேடிவந்த மந்திரிப் பதவியையும் மறுத்தவர். அல்ஸ்டர் மக்களின் அச்சத்தைக் குறைத்து மதித்தது அவர் தவறு. அதனினும் பெரிய தவறு, தம்மிடமிருந்த விலை முழுவதையும் முற்கூட்டியே செலுத்தியது. பாராளுமன்றத்தில் அவர் வாக்குகளுக்கு மதிப்பிருந்த வரையில் சட்டம் நகர்ந்தது. யுத்தத்துக்கு நிபந்தனையின்றி ஆதரவளித்த பின் அரசாங்கத்துக்கு அவசரம் இருக்கவில்லை.

காணி வாங்கும் கமக்காரன் உறுதி முடியுமுன் பணம் முழுவதையும் எண்ணிக் கொடுப்பதில்லை. தன் மக்களின் உரிமைக்காகப் பேசச் செல்லும் தலைவனுக்கும் அந்த விழிப்பு வேண்டும். எந்த நாளில் நடைமுறைக்கு வருமென்று கூறாத சட்டம், சட்டமன்று, வெறும் வாக்குறுதியே!