தானியேலுக்கும் புரியவில்லை

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் போகும் கம்யூட்டர் ரயிலுக்காகக் காத்திருந்தேன். பிரிக்பீல்ட்சில் ஆராதனைக்கு வரும்போது பார்த்துப் பழகிய தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை. முப்பது வயது இருக்கும். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஒரு காணொளி. பின்னணியில் நகரம் எரிகிறது, முரசு அதிர்கிறது. பேசுகிறவர் தானியேல் புத்தகம் எட்டாம் அதிகாரத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்துக் கூட்டிக் கழித்து, உலகத்துக்கு இன்னும் சில ஆண்டுகளே பாக்கி என்கிறார். இலட்சக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள்.

“அண்ணே, இது நெஜம்னா வீட்டு புக்கிங்கை கேன்சல் பண்ணிடலாம்னு இருக்கேன். முப்பத்தஞ்சு வருஷக் கடன். எதுக்கு?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கிள்ளானில் பெண் பார்த்து, டிசம்பரில் கல்யாணம் என்று இரு வீட்டாரும் பேசி வைத்திருக்கிறார்கள். ஒரு மாதமாகத் தூக்கம் சரியில்லை என்றார். ரயில் வருவதற்குள் நான் சொன்னது கொஞ்சம்தான். “எட்டாம் அதிகாரத்தோட கடைசி வசனத்தை இன்னிக்கு ராத்திரி படிங்க தம்பி” என்றேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் பலர் இருப்பார்கள்.

வேதாகமம் படித்துப் பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. தானியேல் எருசலேமைச் சேர்ந்தவர். இள வயதிலேயே பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோகப்பட்டார். அங்கே பெயரை மாற்றினார்கள். மூன்று ஆண்டுகள் கல்தேயரின் மொழியையும் எழுத்தையும் படிக்க வைத்து அரசாங்க வேலையில் அமர்த்தினார்கள். ஊர் போய், பெயர் போய், அந்நியர் மொழியில் கோப்பு எழுதிய ஒரு மனிதர். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து அலுவலகத்தில் உட்கார்ந்த நம் அப்பா தாத்தாக்களுக்கு அவரைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருந்திருக்காது.

அவருடைய புத்தகத்தின் முதல் பாதி ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்: சிங்கக் குகை, எரிகிற சூளை, சுவரில் எழுதிய கை. பின்பாதிக்கு வந்ததும் சபையே மௌனமாகிவிடும். மிருகங்கள், கொம்புகள், எண்கள். எட்டாம் அதிகாரத்தில் ஓர் ஆட்டுக்கடாவை மேற்கிலிருந்து வரும் ஒரு வெள்ளாட்டுக்கடா முட்டித் தள்ளுகிறது. அதன் பெரிய கொம்பு முறிகிறது, நான்கு கொம்புகள் முளைக்கின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு சின்னக் கொம்பு கிளம்பி ஆலயத்தையே பாழாக்குகிறது. எதுவரைக்கும் இந்தக் கொடுமை என்று கேள்வி எழ, 2300 என்ற எண் பதிலாக வருகிறது.

முதல் கடா மேதிய பெர்சிய அரசு, இரண்டாவது கிரேக்க அரசு என்று அதே அதிகாரம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. சின்னக் கொம்பு, கி.மு. 167 இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய அந்தியோகஸ் எப்பிபானஸ் என்ற மன்னன் என்பது வேத ஆய்வாளர் பலரின் கருத்து. இதற்கு மேலும் அர்த்தம் உண்டு என்பாரும் உண்டு. அந்த வழக்குக்கு இந்தப் பக்கம் போதாது.

எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி வசனம். காபிரியேல் தூதனே வந்து தானியேலுக்குப் பாடம் எடுக்கிறான். அதைவிடப் பெரிய ஆசிரியர் யாருக்குக் கிடைப்பார்? ஆனாலும் பாடம் முடிந்ததும் தானியேல் சோர்ந்து விழுகிறார். சில நாள் படுத்த படுக்கை. பிறகு எழுந்து ராஜாவின் அலுவலைப் பார்க்கப் போகிறார். கண்ட தரிசனம் அவரைத் திகைக்க வைத்துக்கொண்டே இருந்தது, அதை விளங்கிக்கொண்டவர் எவருமில்லை என்று சொல்லி அதிகாரம் முடிகிறது.

கண்டவருக்கே புரியவில்லை! அதை அவர் மறைக்கவும் இல்லை.

இதே 2300 ஐ எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி கணக்குப் போட்டார். நாள் ஒன்றுக்கு ஓர் ஆண்டு, தொடக்கம் கி.மு. 457. விடை 1843, 1844 என்று வந்தது. கடைசியில் அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார்கள், மில்லரும் ஏற்றுக்கொண்டார். அவர் மோசடிக்காரர் அல்லர். நேர்மையாக வேதத்தைப் படித்த மனிதர்தான், அதுதான் இதில் வருத்தமே. சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 23 ஆம் தேதியும் வழக்கம்போல விடிந்தது. வரலாற்றில் அதற்கு ‘பெரும் ஏமாற்றம்’ என்றே பெயர் நின்றுவிட்டது.

நம் காலத்தில் ஹெரால்டு கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் 2011 மே 21 என்றார். பொய்த்தது. அக்டோபர் 21 என்று மாற்றினார். அதுவும் பொய்த்தது. மறு ஆண்டு, தேதி குறித்தது பாவம் என்று அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்தத் தம்பி காட்டிய காணொளியைப் பார்த்தபோது, கைப்பேசி மட்டும்தான் புதிது என்று தோன்றியது.

தேதிக் கணக்கு எங்கோ அமெரிக்காவில் நடக்கிற சங்கதி என்று நான் சிரித்துக்கொண்டிருந்த காலம் உண்டு. அது எங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்தது.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கிள்ளானில் ஒரு மையத்தில் காலை ஆறரைக்கே போய் நாற்காலியில் உட்கார வேண்டும். ஐந்தாம் மாதம், எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரை உறவினர் அழைத்து வந்தார். அவர் அம்மாவின் தலையில் கை வைத்து, தானியேல் புத்தகத்திலிருந்தே ஏதோ எண் சொல்லி, “நாற்பது நாளில் இந்த மெஷினை விட்டு எழும்புவாய்” என்றார். கூடம் முழுக்க அல்லேலூயா. நானும் சொன்னேன். அம்மா பிழைக்க வேண்டும் என்று விரும்பும் மகன் வேறென்ன சொல்வான்?

அம்மா காலண்டரில் நாற்பது நாளுக்கும் பென்சிலால் கோடு போட்டார். நாற்பத்தோராம் நாள் மையத்துக்குப் போகவில்லை. அடுத்த முறையும் போகவில்லை. “போனா நம்பிக்கை இல்லேன்னு ஆயிடும்டா” என்றார். அன்று இரவே மூச்சுத் திணறல். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, பொட்டாசியம் ஏறி இருதயத் துடிப்பு தடுமாறியது. ஆம்புலன்ஸ் வந்து, அவசரப் பிரிவில் விடிய விடிய இருந்து பிழைத்தார்.

பிரசங்கியாரைத் தொலைபேசியில் பிடித்தபோது, “எங்கோ அவிசுவாசம் இருந்திருக்கிறது தம்பி” என்றார். கோபத்தில் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அதன்பின் பல மாதங்கள் வேதாகமத்தைத் தொடவில்லை. தீர்க்கதரிசனம் என்ற சொல்லே கசந்தது.

அம்மாதான் படித்தார். இடது கையில் ஊசி ஏறியிருக்க, வலது கையால் பக்கம் புரட்டி, மையத்து நாற்காலியிலேயே தானியேலை முதலிலிருந்து படித்தார். அந்த மனிதர் எண் எடுத்த புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். ஒரு நாள் கூட்டிவரப் போனபோது காரில் ஏறியதும் சொன்னார்: “பாவம்டா தானியேல். அவருக்கும் வெளங்கல. காய்ச்சல்காரன் மாதிரி படுத்துட்டு, அப்புறம் எழுந்து ஆபீசுக்குப் போயிட்டாரு.” சற்று நேரம் கழித்து, “வியாழக்கிழமை ஆறரைக்கு வந்துடு, லேட் பண்ணாத” என்றார்.

அதன்பின் மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தார். ஒரு முறையும் தவறவில்லை. மையத்தில் புதிதாக வந்து அழுகிறவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று பேச்சுக் கொடுப்பார். குணமாகிவிடுவீர்கள் என்று யாரிடமும் சொல்லமாட்டார். ஜெபிப்பதை நிறுத்தவும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி நின்றார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

தானியேல் ஒன்பதாம் அதிகாரத்துக்கு என்னைக் கொண்டுபோனதும் அவர்தான். அங்கே தானியேலுக்கு எண்பதை ஒட்டிய வயது. அவரும் ஒரு பழைய தீர்க்கதரிசனத்தைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். எரேமியா எழுதியது, பாழ்க்காலம் எழுபது ஆண்டுகள் என்பது. கணக்குப் பார்த்தால் நேரம் நெருங்கிவிட்டது. அவர் ஊரைக் கூட்டித் தேதி அறிவிக்கவில்லை. இரட்டு உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, ‘அவர்கள்’ என்று யாரையும் சுட்டாமல் ‘நாங்கள்’ தவறு செய்தோம் என்று ஜெபிக்கிறார். அதற்குக் கிடைத்த பதில் எழுபது வாரங்கள் என்ற, முன்னதைவிடக் கடினமான இன்னொரு எண்!

அந்த எரேமியாவின் எழுபதுக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. எரேமியா மர நுகத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எருசலேமில் நடந்துகொண்டிருந்த நேரம். அனனியா என்ற தீர்க்கதரிசி எல்லார் முன்னிலையிலும், இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகும், சிறைப்பட்டவர்கள் திரும்புவார்கள் என்றான். எரேமியா சொன்ன முதல் வார்த்தை ஆமென். அப்படியே ஆகட்டும் என்று அவரும் ஆசைப்பட்டார். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தபோது பதில் பேசாமல் தன் வழியே போய்விட்டார். பிறகுதான் அவருக்கு வார்த்தை வந்தது: மர நுகத்துக்குப் பதிலாக இரும்பு நுகம். எங்கள் கூடத்தில் அல்லேலூயா சொன்ன குற்ற உணர்வோடு இருந்த எனக்கு, எரேமியாவின் அந்த ஆமென் பெரிய ஆறுதல்.

அடுத்த அதிகாரத்தில், ஏற்கெனவே கி.மு. 597 இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் இருக்கிறது. வருடப் பிறப்பு ஆராதனையில் நம் சபைகளில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் வருகிற வசனம் அந்தக் கடிதத்தின் நடுவிலிருந்துதான்: 29 ஆம் அதிகாரம், 11 ஆவது. தேவனின் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்பது அதன் சாரம். எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியிலும் ஒட்டியிருந்தது. அதற்கு முந்திய 10 ஆவது வசனம்தான் எழுபது ஆண்டுகள் என்கிறது. அதை அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததே இல்லை. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களிடம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்கிறார்.

பிரிக்பீல்ட்சில் தமிழர் கூடும் லுத்தரன் ஆலயத்துக்குச் சீயோன் என்று பெயர். பாபிலோனில் இருந்தவர்கள் நினைத்து அழுத மலையின் பெயர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் முதல் ரயில் ஓடிய ஆண்டு 1886. அந்தத் தண்டவாளங்களைச் சுற்றி வந்து குடியேறிய நம்மவர்களில் எத்தனை பேர் ‘இரண்டே வருஷம், அப்புறம் ஊருக்கு’ என்று சொல்லிவிட்டுக் கப்பலேறியிருப்பார்கள்! போகாமல் நின்றார்கள். கோயில் கட்டினார்கள், சபை கூட்டினார்கள், வாசலில் கறிவேப்பிலை நட்டார்கள். அந்தக் கடிதம் எனக்கு இந்தத் தெருக்களில்தான் விளங்குகிறது.

இதனால் கடினமான பகுதிகளை ஆராயவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சீகன்பால்க் 1719 இல் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் தமிழாக்கியிருந்தார். தானியேலும் எரேமியாவும் தமிழுக்கு வந்தது அவருக்குப் பின் வந்த சூல்ச்சின் உழைப்பால். அவ்வளவு பாடுபட்டு வந்ததைப் பூட்டி வைப்பதா? முதலில் கேட்டவர் யார், அவர்கள் நிலைமை என்ன, கேட்டபின் தீர்க்கதரிசி என்ன செய்தார் என்று பார்த்துப் படித்தால் பயம் கொஞ்சம் விலகுகிறது. முழுக்க விலகுகிறது என்றால் நான் பொய் சொல்கிறேன்.

தம்பி அன்று இரவு பதினோரு மணிக்குச் செய்தி அனுப்பினார்: “படிச்சேன் அண்ணே. ரெண்டு தடவ. ஆனா பயம் போகல.” பயத்தோடேயே வாருங்கள் என்று பதில் போட்டேன். இப்போது சனிக்கிழமை மாலைகளில் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். போன வாரம் அந்தப் பெண்ணையும் அழைத்து வந்தார். அனனியாவின் அதிகாரத்தை முடித்துவிட்டோம், இந்த வாரம் கடிதம். வீட்டு விஷயத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வங்கிக்குப் பதில் சொல்ல மாதக் கடைசி வரை அவகாசம் இருக்கிறதாம், அந்தப் பெண்தான் என் மனைவியிடம் சொன்னார்.