சந்தேகம் கேட்கத் தயங்கும் புது நர்ஸ்: 'அட்டாச்மென்ட் ஸ்டைல்' மட்டும்தான் காரணமா?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் மட்டுமல்ல, பக்கத்து மாவட்டங்களில் இருந்தும் நோயாளிகள் வந்து சேரும் இடம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. இதுபோன்ற பெரிய மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்க்கும் புது நர்ஸுக்கு, மருந்தின் அளவில் சந்தேகம் வருகிறது. சீனியரிடம் கேட்பாரா, தானே முடிவெடுப்பாரா? நோயாளியின் பாதுகாப்பே இதில்தான் இருக்கிறது.

அட்டாச்மென்ட் ஸ்டைல் என்றால் என்ன?

சிறுவயதில் நம்மை வளர்த்தவர்களோடு ஏற்படும் பிணைப்பு, பிற்காலத்தில் பிறரை நம்பும் விதத்தையும் பாதிக்கும் என்பதே அடிப்படை. பிரிட்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி முன்வைத்த இந்தக் கோட்பாட்டை, மேரி ஐன்ஸ்வொர்த் குழந்தைகளிடம் ஆய்வு செய்து வகைப்படுத்தினார். 1990-ல் சிண்டி ஹசான், பிலிப் ஷேவர் இருவரும் இதை வேலை வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தனர்.

வார்டில் எப்படித் தெரியும்?

பாதுகாப்பாக உணர்பவர், "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று சாதாரணமாகக் கேட்டுவிடுவார். பதற்ற வகையினர், 'தப்பா செஞ்சிட்டோமோ' என்று வீட்டுக்குப் போன பிறகும் யோசிப்பார்கள். சீனியர் முகம் சுளித்தாலே தூக்கம் போய்விடும். விலகும் வகையினர், 'நானே பாத்துக்கிறேன்' என்பார்கள். திறமைசாலி என்று பெயர் கிடைக்கும். ஆனால் உதவி தேவைப்படுவது வெளியே தெரியாது.

எல்லாம் சுபாவம்தானா?

இல்லை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்ஆர்பி) மூலம் தேர்வான நர்ஸுகளை எடுத்துக்கொள்வோம். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்பது எதிர்பார்ப்பு. அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் போராட்டத்தில் இறங்கினார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர் பதறுவதை, அவருடைய குழந்தைப் பருவத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

என்ன செய்யலாம்?

ஸ்டைல் என்பது மாறாத முத்திரை அல்ல. நம்பகமான உறவு கிடைத்தால் அது மாறக்கூடும். முதல் சில மாதங்களுக்கு, தயங்காமல் கேட்க ஒரே சீனியரைப் பொறுப்பாக்கலாம். ஷிஃப்ட் மாறும்போது, "என்ன சந்தேகம் இருக்கு?" என்று இன்சார்ஜ் சிஸ்டரே முதலில் கேட்கலாம். கேட்டவரை எல்லோர் முன்பும் திட்டினால், அடுத்த முறை அந்த வார்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதை வைத்து ஆளை எடைபோட்டு வேலைக்கு எடுப்பது தவறான பயன்பாடு. 'இந்தப் பொண்ணு எப்படிப்பட்டவ?' என்பதைவிட, 'இங்கே கேள்வி கேட்டால் என்ன நடக்கும்?' என்பதே மருத்துவமனைகள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.