வீட்டு விதியைக் கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் ஒரு மாதம் அதிகம் ஓடுவது கேம்ஸ்தான். பெரியவர்களுக்குச் சீட்டு, சிறுவர்களுக்குக் கார் ரேஸ், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மந்திரவாதியும் பூதமும் மோதும் சாகச விளையாட்டு. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒரு விளையாட்டின் விதியை யாரோ ஒருவர் எழுதினார், பிடிக்காவிட்டால் நாமும் மாற்றி எழுதலாம் என்ற எண்ணமே திரையில் விளையாடும் பிள்ளைகளுக்கு வருவதில்லை. சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதுதான் கவலை.

எங்கள் ஊர் மணிமுத்தாறு. கோடை விடுமுறையில் அணையையும் அருவியையும் பார்க்க வெளியூர்க் கூட்டம் வரும். வீடுகளில் சொந்தக்காரப் பிள்ளைகள் கூட்டம் நிறையும். வெயில் தாழும் வரை திண்ணையில் தாயம்தான். சாக்பீஸில் கட்டம், இரண்டு பித்தளைத் தாயக்கட்டை, காய்க்குப் புளியங்கொட்டையும் வளையல் துண்டும். இவ்வளவு போதும்.

தாயத்துக்கு அச்சடித்த விதிப் புத்தகம் என்று எங்கள் வீட்டில் எதுவும் இருந்ததில்லை. குறுக்குக் கோடு போட்ட கட்டத்தை 'மலை' என்போம். மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது. ஒரே கட்டத்தில் இரண்டு காய் சேர்ந்து நின்றால் வெட்டலாமா? ஒரு வெட்டாவது வெட்டாமல் காயைப் பழமாக்கலாமா? இதற்கெல்லாம் வீட்டுக்கு வீடு பதில் மாறும். தன் காய்க்கு முன்னால் எதிரியின் காய் மலையில் நிற்கும்போது மட்டும், "எங்க ஊர்ல மலையிலயும் வெட்டுவோம்ல" என்று சொல்லும் அத்தான்மார் எல்லாக் குடும்பத்திலும் உண்டு!

இந்தச் சண்டை நம் திண்ணையில் மட்டும் நடப்பதல்ல. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேஜையைச் சுற்றி நண்பர்கள் உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் நடிப்பார்கள். வெற்றி தோல்வியைப் பகடை சொல்லும். இன்று கம்ப்யூட்டரில் வரும் சாகச விளையாட்டுகள் பலவற்றுக்கு இதுதான் மூதாதை.

இதில் சில பூதங்களுக்கு 'மேஜிக் ரெசிஸ்டன்ஸ்' உண்டு. அதாவது மந்திரம் ஏவினாலும் அவற்றின் மேல் பலிக்காமல் போகலாம். நம் மலைக் கட்டம் மாதிரி ஒரு பாதுகாப்பு. எவ்வளவு பாதுகாப்பு கொடுப்பது என்பதில் விதி எழுதியவர்களே பல முறை மனம் மாறியிருக்கிறார்கள். 1977-ல் வந்த புத்தகத்தில் அது ஒரு சதவீதம். 11-ஆம் நிலை மந்திரவாதியை வைத்துக் கணக்கிட்டார்கள். அவர் ஒரு நிலை ஏறினால் பூதத்தின் பாதுகாப்பு 5 சதவீதம் குறையும், இறங்கினால் 5 கூடும். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் யார் ஏவினாலும் ஒரே சதவீதம் என்றானது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் 20 முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு மந்திரவாதியின் நிலையைக் கூட்டி, பூதத்தின் எண்ணை எட்ட வேண்டும். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், பூதம் தப்பிக்க ஒரு பகடைக்குப் பதில் இரண்டை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம்.

நம் ராட்சசனும் அங்கே இருக்கிறான். 1977 புத்தகத்தின்படி 8-ஆம் நிலைக்குக் கீழ்ப்பட்ட எந்த மந்திரமும் அவனிடம் பலிக்காது.

ஏன் இத்தனை மாற்றம்? 90 சதவீதப் பாதுகாப்பு உள்ள பூதம் வந்தால், மந்திரவாதியாக விளையாடுபவரின் பத்து முயற்சியில் ஒன்பது வீண். மற்றவர்கள் சண்டை போட, அவர் வேடிக்கை பார்ப்பார். இரண்டு பகடை முறையில் அப்படி இல்லை. பாதிக்குப் பாதி தப்பிக்கும் பூதம் 75 சதவீதம் தப்பிக்கும். 10 சதவீதம் தப்பிக்கும் பூதம் 19 சதவீதம்தான். பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் எதிரில் இருப்பவரின் ஆட்டம் செத்துப்போகவில்லை. இருந்தாலும் இது பிடிக்காமல் தங்கள் மேஜைக்கென்று வீட்டு விதி வைத்துக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: வீட்டு விதி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அது ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லப்பட வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். யாரையும் சும்மா உட்கார வைக்கக் கூடாது. இந்த மூன்றாவது விஷயத்தைச் சோதிக்கத்தான் உங்கள் கம்ப்யூட்டர் உதவும்.

தாயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என்று நான்கு முகம். இரண்டு கட்டைக்கு 16 சேர்க்கை. அதில் தாயம், அதாவது கூட்டல் 1, வருவது இரண்டில் மட்டும். ஐந்து இரண்டில் வரும்; ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொன்றில் வரும். இவற்றுக்கு மறு ஆட்டம் உண்டு. இப்படிக் கணக்குப் போட்டால், ஒரு முறை கட்டை கைக்கு வந்தால் தாயம் விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. பத்து முறை கட்டை வந்தும் காய் இறக்க முடியாமல் இருப்பதற்கு 16 சதவீத வாய்ப்பு உண்டு. ஆறு பேர் விளையாடினால் அநேகமாக ஒருவர் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் கடைக்குட்டியாக இருக்கும். அழுதுகொண்டு எழுந்து போய்விடும்.

இதற்காகவே எங்கள் ஆச்சி ஒரு விதி வைத்திருந்தார்: "சின்னப் பிள்ளையள் இருந்தா அஞ்சு விழுந்தாலும் எல்லாரும் காயை எறக்கலாம்." இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாய்ப்பு ஏழில் இரண்டாக உயர்கிறது. பத்து முறை காத்திருப்பவர் 16 சதவீதத்திலிருந்து சுமார் 3.5 சதவீதமாகக் குறைகிறார். ஆச்சி பள்ளிக்கூடம் போனவர் அல்ல. ஆனால் எந்த இடத்தில் விதியைத் தளர்த்தினால் யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கணக்கு வராது என்பவர்கள் எக்ஸெல்லைத் திறந்துகொள்ளுங்கள். லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் இருந்தாலும் போதும், அது இலவசம். முதல் செல்லில் சமக்குறி போட்டு, 'ரேண்ட்பிட்வீன்' என்ற பங்க்ஷனைத் தந்து, அடைப்புக்குறிக்குள் 0, 3 என்று கொடுங்கள். இது ஒரு கட்டை. பக்கத்துச் செல்லில் இதையே தாருங்கள். மூன்றாவது செல்லில் இரண்டையும் கூட்டுங்கள். 0 வந்தால் அது பன்னிரண்டு. இந்த மூன்றையும் செலக்ட் செய்து ஆயிரம் வரிசைக்குக் கீழே இழுத்துவிடுங்கள். ஆயிரம் முறை தாயம் உருட்டியாகிவிட்டது! 'கவுண்ட்இப்' பங்க்ஷன் மூலம் 1 எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். 125-ஐ ஒட்டி வரும். எப்9 கீயை அழுத்தினால் மறுபடியும் ஆயிரம் உருட்டல். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். நீங்கள் யோசித்த புதிய விதியையும் இப்படியே சோதிக்கலாம்.

கணக்குப் போட்டால் விளையாட்டின் சுவை போய்விடாதா என்று சிலர் கேட்கலாம். போகாது. யார் ஜெயிப்பார் என்று எக்ஸெல் சொல்வதில்லை. யார் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்றுதான் சொல்கிறது. 16 சதவீதம் நல்லதா, 3.5 நல்லதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் திண்ணையில் இருப்பவர்களே. காத்திருப்பதில்தான் ருசி என்று நினைக்கும் பெரியவர்கள் பழைய விதியையே வைத்துக்கொள்ளட்டும்.

செல்போனில் விளையாடும் தாயத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதன் விதி, என்னைப் போன்ற ஒருவர் எங்கோ உட்கார்ந்து எழுதிய சில வரிகள். அவருக்கு உங்கள் வீட்டுக் கடைக்குட்டியைத் தெரியாது. செட்டிங்ஸில் அவர் வைத்த இரண்டு மூன்று தேர்வுகளுக்கு மேல் நீங்கள் எதையும் மாற்ற முடியாது. விளையாட்டில் மட்டும் என்றால் பரவாயில்லை. எழுதி வைத்த விதியைக் கேள்வி கேட்காமல் ஏற்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு அதோடு நிற்குமா என்பதுதான் என் கேள்வி.

எனவே இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுத் தாய விதிகளைப் பெரியவர்களிடம் கேட்டு, நோட்பேடில் தமிழில் டைப் செய்து, பைலாகச் சேமித்து வையுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் அதைப் படித்துக் காட்டுங்கள். மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், சோதித்துப் பார்த்து, அடுத்த ஆட்டத்திலிருந்து மாற்றுங்கள். நடு ஆட்டத்தில் அத்தான் எவ்வளவு கெஞ்சினாலும் மாற்றாதீர்கள்.