திருத்திய படமும் திருத்தியவர் குறிப்பும்

ராபர்ட்சன்பேட்டையை அடுத்த பழைய சுரங்கத் தொழிலாளர் ‘லைன்’ வீடுகளின் தகரக் கூரை வெப்பத்தை ஆராயும் நண்பர் ஒருவர், சென்ற கோடையில் வெப்பப் படக்கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். மொழியியல் படித்த என்னை ஏணி பிடிக்க அழைத்திருந்தார். உச்சிவேளை. துருவேறிய பழைய கூரை திரையில் வெளிறிய மஞ்சளாக எரிந்தது. பக்கத்து வீட்டில் அண்மையில் வேய்ந்த புதுத்தகடோ கருநீலமாக, மார்கழிக் காலைபோலக் குளிர்ந்து கிடந்தது. அந்தத் தகட்டின்மேல் கை வைத்த நண்பர் அடுத்த கணமே கையை உதறினார்.

கருவியில் பழுதில்லை. பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக வெளியிடுவது மிகக் குறைவு. எதிரே இருப்பதன் வெப்பக் கதிரைத்தான் பெரிதும் எதிரொளிக்கும். கூரைக்கு எதிரே இருப்பது வானம். மேகமற்ற வானம் அகச்சிவப்பில் உறைபனியைவிடக் குளிர்ந்தது. தகடு 60 பாகை, அதன் உமிழ்திறன் 0.25, வானம் சுழியத்துக்குக் கீழே 10 பாகை என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: உமிழ்திறனை 0.95 என்றே விட்டுவைத்த கருவி ஏறத்தாழ 12 பாகை என்று காட்டும். பல கருவிகள் அந்த 0.95 உடன்தான் கைக்கு வருகின்றன. மனிதத் தோலுக்கு (0.98) அது ஏறக்குறையப் பொருந்தும். மெருகிட்ட தங்கத்தின் உமிழ்திறனோ 0.02 அல்லது 0.03 தான். தங்கம் எடுத்த ஊரில் தங்கத்தையே சரியாக அளக்க முடியாத கருவி என்று அன்று சிரித்துக்கொண்டோம்.

உமிழ்திறன் பயனர் இடும் திருத்தம். அதற்கும் முன்பே, நம் கண்ணில் படாத வேறொரு திருத்தம் நடந்துவிடுகிறது. 320க்கு 240 என்ற உணரியில் 76,800 படப்புள்ளிகள் உள்ளன. ஒரே வெப்பத்துக்கு அவற்றுள் இரண்டுகூட ஒரே விடையைத் தருவதில்லை. ஆகவே தொழிற்சாலையில், வெப்பநிலை அறிந்த கரும்பொருள்கள் இரண்டை உணரிக்கு மாறிமாறிக் காட்டி, புள்ளிதோறும் எவ்வளவு பெருக்க வேண்டும், எவ்வளவு கூட்டவோ கழிக்கவோ வேண்டும் என்று அட்டவணை தயாரிக்கிறார்கள். செத்த புள்ளிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அவ்விடங்களை அண்டைப் புள்ளிகளின் சராசரி நிரப்பும். பயன்பாட்டின்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டிக்’ என்ற ஒலியுடன் படம் நொடிப்பொழுது உறைகிறதல்லவா? கருவி தன் கண்ணை உள்மூடியால் மறைத்துக்கொண்டு, அந்த அட்டவணையைப் புதுப்பித்துக்கொள்ளும் நேரம் அது.

செத்த புள்ளியை அண்டைப் புள்ளியால் நிரப்புவது என்றதும் எனக்குச் செல்லரித்த ஓலை நினைவுக்கு வந்தது. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. காலா ரகரமா என்பதைப் படிப்பவரே தீர்மானிக்க வேண்டும். பதிப்பாசிரியர் திருத்தாமல் நூல் நம் கைக்கு வந்திருக்காது. ஆனால் உ.வே.சா. புறநானூற்றை 1894இல் பதிப்பித்தபோது செய்ததுபோல, பிரதிகளுக்கிடையிலான வேறுபாடுகளையும் குறித்துவைத்தால்தான் பின்வருபவர் அத்திருத்தத்தோடு வாதாட முடியும். குறிப்பில்லாத திருத்தத்தைப் பிழையிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

நம் ஆய்வேடுகளில் வெப்பப் படங்கள் எவ்வாறு அச்சாகின்றன? வண்ணப் படம், கீழே ‘கூரையின் வெப்பநிலை’ என்று ஒரு வரி. உமிழ்திறன் எவ்வளவு, எதிரொளிப்பு வெப்பநிலை எவ்வளவு, தொலைவு, ஈரப்பதம் என்ன என்று எதுவும் இருப்பதில்லை. வண்ணங்களோ மென்பொருள் பூசியவை. அளவுகோலின் இரு முனைகளை நகர்த்தினால் நீலம் மஞ்சளாகிவிடும். அதைவிட வருத்தமானது, கோப்பையே தொலைப்பது. பல கருவிகள் படத்துக்குள் மூல அளவீட்டையும் சேர்த்தே சேமிக்கின்றன. உமிழ்திறனைப் பின்னர் மாற்றி மறுபடி கணக்கிடலாம். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளிருந்த அளவீடு உதிர்ந்து வெறும் ஓவியம் மிஞ்சும். அந்த ஓவியத்தை நெறியாளர் பார்த்து ஒப்புதல் தருகிறார்.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகும் இந்த வீடுகளில் மக்கள் வாழ்கிறார்கள். ‘புதுத்தகடு போட்டால் கூரை 12 பாகைக்குக் குளிரும்’ என்று யாரேனும் பரிந்துரை எழுதினால், கடன் வாங்கித் தகடு மாற்றுபவர் அவர்களுள் ஒருவராகத்தான் இருப்பார். வாய்வா நடத்தும் குழு அந்தக் கூரையின்கீழ் உறங்கப்போவதில்லை.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. வெப்பப் படம் இடம்பெறும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் திருத்த மதிப்புகள் படத்தின் கீழேயே அச்சாக வேண்டும். மூலக் கோப்புகள் துறையில் வைப்பாக வேண்டும். இவையில்லாத படத்தைத் தேர்வாளர் சான்றாக ஏற்கலாகாது. நெறியாளர்கள் சிலர் இதை அளவுமீறிய கெடுபிடி என்பார்கள். ஒலிப்பதிவின் மாதிரி எடுப்பு வீதத்தைக் குறிப்பிடாத ஒலியியல் கட்டுரையை எங்கள் துறையில் திருப்பி அனுப்புவார்கள். அதை எவரும் கெடுபிடி என்பதில்லை.

நண்பர் மறுநாள் தகட்டின்மேல் மின்பணியாளர் பயன்படுத்தும் கறுப்பு ஒட்டுநாடாவை இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டினார். அதன் உமிழ்திறன் ஏறத்தாழ 0.95. சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது, கருநீலத் தகட்டின் நடுவே அந்தத் துண்டு மட்டும் மஞ்சளாக எரிந்தது. அந்தப் படத்தைத்தான் ஆய்வேட்டின் முதல் படமாக வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார், மதிப்புகளோடு.