கியர் பிராப்ளம்

மாதுங்காவில் எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டீச்சருக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதற்காகவே சேமிப்பிலிருந்து பணம் எடுத்துப் பழைய ஆட்டோமேடிக் கார் ஒன்றை வாங்கினார். செம்பூரில் படுத்த படுக்கையாக இருக்கும் தங்கையைப் பார்க்க வாரத்தில் மூன்று நாள் அதில்தான் போய் வருகிறார். அவருக்குக் கார் ஆடம்பரமல்ல.

போன மழைக்காலம் முடிந்ததும் கார் உதறத் தொடங்கியது. பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். டீச்சர் விவரமாகவே சொன்னார்: ‘‘காலையில் எடுத்தால் ஒன்றும் இல்லை. சயான் தாண்டி, வண்டி சூடேறி, 50 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது மட்டும் ஜல்லி ரோட்டில் ஓடுவது போல உதறுகிறது. ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்தினால் நின்றுவிடுகிறது. காலை எடுத்தாலும் நின்றுவிடுகிறது.’’

எதிரே இருந்த இளைஞர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, ஜாப் கார்டில் இரண்டே வார்த்தை எழுதினார்: கியர் பிராப்ளம்.

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. நாலு வரியை இரண்டு வார்த்தையாக்கினால் எது தொலையும் என்பது எனக்குத் தெரியும். இங்கே தொலைந்தது நோயின் முகவரி.

மறுநாள் தீர்ப்பு வந்தது. கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும், ஒன்றே முக்கால் லட்சம். ஏன் கெட்டது என்று கேட்டோம். ‘‘மழைத்தண்ணி மேடம். மும்பையில் எல்லாருக்கும் இதுதான்.’’

நம்பக்கூடிய பதில்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்ததை இந்த ஊர் மறக்கவில்லை. கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் இன்றும் பலத்த மழை என்றால் சாலை குளமாகும். கியர்பாக்ஸ் மூச்சுவிட ஒரு சிறு குழாய் உண்டு. வெள்ளம் அந்த உயரத்தைத் தாண்டினால் உள்ளே புகுந்துவிடும். டீச்சரின் காரும் ஒரு நாள் தண்ணீரில் நின்றது உண்மை. ஆனாலும் ஒன்றே முக்கால் லட்சம் ஆயிற்றே. தாராவி 90 அடி சாலையின் உட்புறம் தகரக் கூரை போட்ட பட்டறையில் இருக்கும் தமிழ் மெக்கானிக் ஒருவரிடம் போனோம்.

குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் இறுதியோடு இந்தச் சாலைகளிலிருந்து விடைபெற்றன. அவற்றின் கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும். கியர் மாட்டவில்லை என்றால் டிரைவரின் கையே சொல்லிவிடும். ஆட்டோமேடிக்கில் கைக்கும் காலுக்கும் வேலை இல்லை, அதனால் செய்தியும் இல்லை. இந்த வகைக் காரில் இன்ஜினின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது எண்ணெய். கியரை மாற்றுவதும் எண்ணெயின் அழுத்தம்தான். வண்டி சூடேறிச் சீரான வேகத்துக்கு வந்ததும், பெட்ரோலை மிச்சப்படுத்த உள்ளே ஒரு பூட்டு கிளட்ச் விழுந்து இரண்டையும் நேராக இணைக்கும். டீச்சரின் நாலு வரி கைகாட்டியது சரியாக இந்தப் பூட்டைத்தான்.

மெக்கானிக் ஸ்பானரைத் தொடவில்லை. டீச்சரை முழுக்கப் பேசவிட்டார். பிறகு வண்டியை எடுத்து, சூடேறும்வரை ஓட்டி, ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் 50ஐத் தொட்டார். உதறல் வந்தது. ஆக்ஸிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டார், பின் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். உதறல் சட்டென்று நின்றது. ‘‘பிரேக்கைத் தொட்டா பூட்டு விட்டுடும். பிளக்கு, இன்ஜின் கோளாறா இருந்தா இதுக்கெல்லாம் நிக்காது’’ என்றார்.

பட்டறைக்குத் திரும்பியதும் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். கியர் எண்ணெய் புதிதில் சிவப்பாக இருக்கும். பழசானால் பழுப்பு நிறம். தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே தட்டுகள் கருகுகின்றன என்று பொருள். இது எதுவுமில்லை. அசல் ரோஸ் மில்க் நிறம். தண்ணீர் கலந்திருக்கிறது என்பது நிச்சயம்.

‘‘அப்போ மழைதானே?’’ என்றேன்.

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. டீச்சரைக் கேட்டார்: ‘‘ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துறீங்களாம்மா?’’

‘‘வாட்ச்மேன் ஊத்தறார். ரெண்டு மாசமா வாராவாரம் குறையறதாம்.’’

யாரும் கேட்காததால் டீச்சர் இதை யாரிடமும் சொல்லவில்லை. மழைத்தண்ணீர் ரேடியேட்டரைக் காலி செய்யாது. பல ஆட்டோமேடிக் கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அந்தச் சுவர் விட்டுப்போனால் அங்கிருக்கும் தண்ணீர் இங்கே வந்து சேரும். ரேடியேட்டரைக் கழற்றி, குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றடித்து, தொட்டியில் அமுக்கினார். பங்க்சர் கடையில் டியூபிலிருந்து வருவது போலக் குமிழி வந்தது.

சர்வீஸ் நிலையம் பொய் சொல்லவில்லை. கியர்பாக்ஸைத் திறந்தபோது தட்டுகளின் மேற்பூச்சு உரியத் தொடங்கியிருந்தது. தண்ணீர் அந்தப் பசையை விடாது. தட்டுகளையும் பூட்டையும் ரேடியேட்டரையும் மாற்றியதில், முதலில் கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவாகவே ஆயிற்று. ஆனால் பெரிய லாபம் அதுவல்ல. பழைய ரேடியேட்டரோடு புதுக் கியர்பாக்ஸை மாட்டியிருந்தால், அதுவும் ரோஸ் மில்க் குடித்தே செத்திருக்கும். எது கெட்டது என்று சொல்வது பாதி வைத்தியம். ஏன் கெட்டது என்பதுதான் மீதி. வள்ளுவர் வைத்தியருக்குச் சொன்ன வரிசையும் இதுதானே?

2014இல் மாருதி செலெரியோ ‘ஏ.எம்.டி.’ கியரோடு வந்தபிறகு, ஆட்டோமேடிக் என்பது நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டிவிட்டது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு சுபாவம். ஏ.எம்.டி. கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டும். அது நோயல்ல. மேட்டில் பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரில் வண்டியை நிறுத்திப் பிடித்தால்தான் அதன் கிளட்ச் தேயும். ‘சி.வி.டி.’யில் வேகத்துக்கு முன்னால் சத்தம் ஓடும். அதுவும் சுபாவமே. ஆனால் அதற்கென்று சொன்ன எண்ணெயைத் தவிர வேறு ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் போய்விடும். உலர்ந்த இரட்டை கிளட்ச் வகை, ஊர்ந்து போகும் டிராபிக்கில் சூடேறித் தடுமாறும்.

கம்ப்யூட்டர் ஸ்கேனர் காட்டும் எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். ‘பி0700’ என்று வந்தால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கியரின் கம்ப்யூட்டர் ஏதோ குறித்து வைத்திருக்கிறது, போய்ப் பார் என்றுதான் அர்த்தம்.

எனவே வண்டியை விடுமுன் ஒரு தாளில் எழுதுங்கள். குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? எந்த வேகத்தில்? ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதா, விடும்போதா? ‘டி’யில் போட்டதும் கிளம்புகிறதா, யோசிக்கிறதா? உதறுகிறதா, இடிக்கிறதா, இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி வழுக்குகிறதா? (இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள்.) அண்மையில் எதை மாற்றினீர்கள், எதை ஊற்றினீர்கள்? இவற்றுக்கெல்லாம் பிறகுதான் கியர்பாக்ஸைத் திறப்பது.

டீச்சர் மறுபடி செம்பூர் போய் வருகிறார். அந்த ஜாப் கார்டின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கிறார். ‘கியர் பிராப்ளம்’ என்ற இரண்டு வார்த்தைகளுக்குக் கீழே, பழக்க தோஷம், சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘விடை போதாது. விரிவாக எழுதுக.’