குற்றம் கற்பவன் மேலதன்று

பழைய கணினி ஒன்றில் இலினக்சு இயங்குதளத்தை முதன்முதலாக நிறுவிய ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்க. திரை ஒளிர்கின்றது, விசைப்பலகை பணி செய்கின்றது, ஒலியும் கேட்கின்றது. யார்க்கும் அடிமைப்படாத ஓர் இயங்குதளம் தன் மேசைமேல் ஓடக் கண்டு அவன் உள்ளம் பூரிக்கின்றது. பின்னர், கடைத்தெருவில் வைஃபை என்று வழங்கும் அருகலைக்கான சிறு செருகியைக் கணினியின் யுஎசுபி வாயிற் பொருத்துகின்றான். ஒன்றும் நிகழவில்லை. இணைப்புப் பட்டியலில் ஒரு பெயரும் தோன்றவில்லை. கழற்றி மீண்டும் பொருத்துகின்றான், கணினியை நிறுத்தித் தொடக்குகின்றான், நள்ளிரவும் கடக்கின்றது. மறுநாள் அறிந்தவர் இருவர் தீர்ப்புச் சொல்கின்றனர். ஒருவர், "உனக்குக் கணினி தெரியவில்லை" என்கின்றார். மற்றவர், "இலினக்சு வல்லுநர்க்கே உரியது, உன்போன்றார்க்கு ஆகாது" என்கின்றார். மூன்றாம் நாள் அவன் பழைய இயங்குதளத்திற்கே திரும்பிவிடுகின்றான்.

இவ்விரு தீர்ப்பும் பிழை. பெரும்பாலும் குற்றம் அவ்விளைஞன்மேலும் இல்லை, இலினக்சின்மேலும் இல்லை. குற்றவாளி மூன்றாமவன், அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. கருவியை விலைக்கு விற்றுவிட்டு, அக்கருவியோடு பேசும் முறையை மட்டும் தன் பெட்டகத்துள் பூட்டி வைத்துக்கொண்டானே, அந்த ஆக்குநனே அவன்!

இது வெறும் சினவுரை அன்று. செருகியின் உள்ளமைப்பை அறிந்தார்க்கு இது தெள்ளிதின் விளங்கும். அருகலைச் செருகி என்பது ஒரு சிறு வானொலியே. அதனுள் இருக்கும் சில்லு, செய்தியை அலையிலேற்றி அனுப்பவும், வரும் அலையிலிருந்து செய்தியைப் பிரிக்கவும் வல்லது. 1997-இல் 802.11 எனும் பொதுநெறி வகுக்கப்பெற்றது. அதனாலேயே ஒரு நிறுவனத்துச் செருகி மற்றொரு நிறுவனத்துத் திசைவியோடு தடையின்றி உரையாடுகின்றது. ஆக, வானிலே வழங்கும் மொழி பொதுமொழி. ஆனால், அச்சில்லும் அதனைத் தாங்கிய கணினியும் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி பொது அன்று. அஃது ஒவ்வொரு சில்லுக்கும் ஒவ்வொன்று. அதன் இலக்கணம் ஆக்குநன் கையில்.

அம்மொழியைக் கணினிக்கு விளங்க வைக்கும் மொழிபெயர்ப்பாளனே இயக்கி. இலினக்சில் பெரும்பாலான இயக்கிகள், கர்னல் என்று வழங்கும் கருநிரலோடு சேர்ந்தே வருகின்றன. இயக்கி இருந்தும் போதாத நிலையும் உண்டு. பல சில்லுகள் மின்சாரம் பெற்றவுடன் வெறுமையாகவே விழிக்கின்றன. கணினி ஒரு சிறு நிரற்கோப்பை அவற்றினுள் ஏற்றிய பின்னரே அவை தொழிற்படும். அக்கோப்பிற்கு நிலைபொருள் என்று பெயர். இயக்கி ஒன்று, நிலைபொருள் ஒன்று ஆகிய இவ்விரண்டில் எது குறைந்தாலும் செருகி வெறும் ஞெகிழித் துண்டே.

பிறிதோர் இயங்குதளத்தில் அதே செருகி பொருத்திய அளவில் ஓடுகின்றதே என்பார் உளர். ஓடத்தான் செய்யும், அதற்குரிய இயக்கியை ஆக்குநனே எழுதி உடன் கொடுத்துள்ளான். இலினக்சுக்கு எழுதாமல் விட்டவனும் அவனே. பிறர் எழுதிக்கொள்ள இலக்கணத்தை வெளியிடாதவனும் அவனே. மேலும், ஆக்குநன் இயக்கியைப் புதுப்பிக்காது நிறுத்திய நாளில், மூடிய இயக்கியை நம்பிய கருவி அடுத்த பதிப்பிலேயே முடங்கக்கூடும். கருநிரலில் சேர்ந்த திறந்த இயக்கியோ, அதனை ஆக்குநன் மறந்த பின்னும் பிறரால் பேணப்பெறுகின்றது.

இக்கொடுமை நேற்றுத் தோன்றியதன்று. விடுதலை மென்பொருள் இயக்கத்தின் வேரே இத்தகையதோர் இயக்கியின் சிக்கலில்தான் இருக்கின்றது. 1980-ஐ ஒட்டி, அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்திற்குச் செராக்சு நிறுவனம் ஓர் அச்சுப்பொறியை அளித்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. முன்னிருந்த அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்போர்க்குச் செய்தி செல்லுமாறு செய்திருந்தார் ஆங்குப் பணியாற்றிய இரிச்சர்டு சுடால்மன். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விழைந்தார். மூல நிரல் கிடைக்கவில்லை. அது கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரிடம் இருப்பதறிந்து நேரிற் சென்று கேட்டார். எவர்க்கும் தருவதில்லை என்று உடன்பாட்டில் ஒப்பமிட்டுவிட்டதால் அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு சுடால்மன் உள்ளத்தைச் சுட்டது. 1983-இல் அவர் குனூ எனும் விடுதலை இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்டுசு தம் கருநிரலை வெளியிட்டார். இரண்டும் இணைந்ததே இற்றை நாளில் உலகு வழங்கும் இலினக்சு இயங்குதளம். தாள் சிக்கிய பொறியும் அலை பிடியாத செருகியும் ஒரே கதையின் இரு படலங்கள் என்க.

அருகலை வரலாற்றிலும் இது மெய்ப்பட்டது. பிராட்காம் நிறுவனத்தின் சில்லு பல மடிக்கணினிகளில் இடம்பெற்றிருந்தும், அதன் இலக்கணம் நெடுநாள் வெளிவரவில்லை. விண்டோசுக்கென எழுதப்பெற்ற இயக்கியையே உறையிட்டு இலினக்சில் ஓட்டும் ஒட்டு வேலையிற் பலர் இறங்கினர். தன்னார்வலர் சிலர் மூடிய இயக்கியின் நடப்பைப் படிப்படியாக ஆய்ந்து சில்லின் இலக்கணத்தை எழுதினர். வேறு சிலர் அவ்விலக்கணத்தை மட்டும் கொண்டு புதிய இயக்கியை யாத்தனர். அது 2006-இல் கருநிரலின் 2.6.17 பதிப்பில் இடம் பெற்றது. நான்காண்டு கழித்து, 2010 செப்டம்பரிலேதான் அந்நிறுவனம் தன் புதிய சில்லுகளுக்குத் தானே ஒரு திறந்த இயக்கியை வெளியிட்டது. மாறாக, அத்தெரோசு நிறுவனம் 2008-இலேயே தன் சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை அளித்தது. அதன் ஏஆர்9271 எனும் யுஎசுபி சில்லின் நிலைபொருளுக்கான மூல நிரலும் 2013-இல் திறக்கப்பெற்றது. அச்சில்லைக் கொண்ட செருகியைப் பொருத்தினால் பெரும்பாலும் வேறு முயற்சியே தேவைப்படுவதில்லை. இயங்குதளம் ஒன்றே, கற்பவனும் ஒருவனே. ஒன்று பணிந்து மற்றொன்று முரண்டுவதற்குக் கரணியம், ஒருவர் திறந்ததும் மற்றவர் மூடியதுமே அன்றோ?

இனி, கற்பவனை மயக்கும் மற்றொரு வலையும் உண்டு. அது பெட்டிமேல் அச்சிட்ட பெயர். டிபி-இலிங்கு நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் எனும் செருகி இலினக்சு பயில்வோரிடையே பெரும்பெயர் பெற்றது. அதன் முதற்பதிப்பில் இருந்தது மேற்சொன்ன ஏஆர்9271 சில்லு. இரண்டாம் பதிப்பிலோ இரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்8188இயுஎசு எனும் வேறு சில்லு வைக்கப்பெற்றது. பெயர் மாறவில்லை; உள்ளீடு முற்றும் மாறிவிட்டது. பெரும்பெயரை நம்பி வாங்கியோர் ஏமாந்தனர். ஒரு சொல்லின் மேற்றோற்றத்தைக் கொண்டு அதன் பிறப்பை முடிவு செய்யாமல் வேரை ஆய்வார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. செருகிக்குச் சில்லே வேர். பெட்டிப் பெயர் வெறும் ஒப்பனை.

ஆகலின் கற்கப் புகுவார் சிக்கலை வரன்முறையாக அணுகுதல் வேண்டும். இணைப்பு இல்லாதவிடத்து இயக்கியை எங்ஙனம் பெறுவது என்பதே முதல் திகைப்பு. கைப்பேசியைக் கம்பியாற் கணினியோடு பிணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டால் அத்திகைப்பு நீங்கும். அடுத்து, முனையத்தில் எல்எசுயுஎசுபி எனும் கட்டளையை இடுக. நந்நான்கு குறிகளாய் இரு பகுதி கொண்ட அடையாள எண் தோன்றும். முற்பகுதி நிறுவனத்தையும் பிற்பகுதி பொருளையும் சுட்டும். 2357 என்று தொடங்கின் டிபி-இலிங்கு. 8087 எனின் இன்டெல். இவ்வெண்ணைக் கொண்டே சில்லையும் அதற்குரிய இயக்கியையும் தேடல் வேண்டும். பின்னர் டிமெசுகு எனும் கட்டளை, கருநிரல் எழுதிவரும் நாட்குறிப்பைக் காட்டும். நிலைபொருள் கிடைக்கவில்லை என்று ஆங்கு ஒரு வரி இருப்பின், வேண்டிய கோப்பின் பெயரும் அவ்வரியிலேயே இருக்கும். செருகியை அறிந்தும் அலை வரவில்லையெனில், ஆர்எப்கில் எனும் கட்டளை வானலை பூட்டப்பட்டுள்ளதா என்பதை உணர்த்தும். சில மடிக்கணினிகளில் அப்பூட்டு ஒரு சிறு பொத்தானே. இன்னும் சில செருகிகள் விண்டோசுக்குரிய இயக்கியைத் தம்முள் சுமந்து, முதலில் குறுவட்டுப் போல் வேடமிட்டுத் தோன்றும். யுஎசுபி மோடுசுவிட்சு எனும் நிரல் அவ்வேடத்தைக் களைந்துவிடும்.

இத்துணையும் செய்தபின், கருநிரலில் இயக்கியே இல்லை என்று தெளிவானால் மட்டும் வெளியிலிருந்து மூல நிரலைப் பெற்றுத் தொகுத்துக்கொள்ளலாம். அதிலும் இரு தொல்லைகள் உள. ஒன்று, கருநிரல் புதுப்பிக்கப்பெறும்போது அவ்வியக்கி பொருந்தாது போகும். டிகேஎம்எசு எனும் ஏற்பாடு அதனை அவ்வப்போது மீளத் தொகுக்க முயலும். ஆயினும் என்றும் வெல்லும் என்பதற்கில்லை. மற்றொன்று, தொடங்கும்போதே நிரல்களின் ஒப்பத்தைப் பார்க்கும் காவல் ஏற்பாடு கணினியில் இருப்பின், ஒப்பமில்லா இயக்கியை அது வாயிலிலேயே தடுத்துவிடும். உரியவன் தன் சாவியை அதிற் பதிந்த பின்னரே இசையும். இன்னதென்று அறியாமல், எவரோ எழுதிவைத்த கட்டளைகளைத் தலைமை உரிமையோடு அடுக்கடுக்காக இடுவது பெருந்தவறு. நோய் இன்னதென்று தெரியாமல் மருந்துக் கடையிலுள்ள குப்பிகளையெல்லாம் குடிப்பது போன்றது அது.

இவ்விடத்துக் கொள்கையாளர் தம்மையும் ஆய்ந்துகொள்ளல் வேண்டும். தெபியன் எனும் இலினக்சு வெளியீட்டினர் விடுதலை மென்பொருட் கொள்கையில் உறுதியானவர்; மூல நிரல் திறவாத நிலைபொருளைத் தம் முதன்மை நிறுவல் வட்டில் நெடுங்காலம் சேர்த்திலர். கொள்கை தூயதே. ஆனால் அதன் விளைவாக, அருகலையன்றி வேறு இணைப்பில்லாப் புதியவன் வாயிலிலேயே நின்றுவிட்டான். பலர் அவ்வாயிலினின்றே திரும்பினர். 2022-இல் அவ்வமைப்பினர் இதனை வாக்கெடுப்பிற்கு விட்டனர். 2023 சூனில் வெளிவந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அந்நிலைபொருள் முதன்மை வட்டிலேயே இடம்பெறுகின்றது. தூய்மையைக் கைவிட்டுவிட்டனர் என்று இதனை இகழ்வாரும் உளர். அது பொருந்தாது. அந்நிலைபொருளை அவர்கள் தம்முடையதோடு கலந்துவிடவில்லை. அதற்கெனத் தனிப்பகுதி வகுத்து, விடுதலை பெறாதது என்று அதன் பெயரிலேயே பொறித்து, வேண்டாதார் தவிர்க்கவும் வழிவைத்தனர். திறவாததைத் திறந்ததென்று சொல்வது பொய். திறவாதது என்று பெயர் சொல்லி, மாற்று வரும்வரை தனித்து வைப்பது பொய்யாகாது. தூய்மை என்பது புதியவனை வெளியே நிறுத்தும் மதிலன்று; இன்னது நம்முடையது, இன்னது கடன் என்று அவனுக்குக் காட்டும் விளக்கு. கடனைக் கடனென்று அறிந்தவனே அதனைத் தீர்க்கவும் முயல்வான்.

இலினக்சில் முதிர்ந்தோரும் ஒரு குற்றத்திற்கு உரியவரே. புதியவன் ஐயம் கேட்டால், "தேடிப் பார்" என்று சுருங்கச் சொல்லி நகர்வோர் அவருள் உண்டு. தாம் தட்டுத் தடுமாறிய முதல் நாளை மறந்தவர் அவர். இயக்கி, நிலைபொருள், சில்லு என்று தமிழிற் பெயர் சொல்லி, ஒவ்வொன்றின் தொழிலையும் இரண்டு வரியில் விளக்கினால், பதினைந்து அகவைப் பிள்ளையும் இதனை உணர்ந்துகொள்ளும். அச்சுறுத்துவது பொறியன்று, பெயர் விளங்காமையே.

எனவே, வாங்குவோர் கடையில் நின்று, "இதனுள் இருப்பது எந்தச் சில்லு? எந்தப் பதிப்பு?" என்று கேட்கப் பழகுக. கருநிரலிலேயே இயக்கி உள்ள சில்லையே தேர்ந்து வாங்குக. ஒருவர் கேட்டால் வணிகர் சிரிப்பார்; நூற்றுவர் கேட்டால் ஆக்குநர் வரை அக்கேள்வி சென்று சேரும். சிக்கலைத் தீர்த்தவர் அத்தீர்வைச் சில்லின் எண்ணோடும் கருநிரலின் பதிப்போடும் தமிழில் எழுதி வைக்க; அடுத்து வருபவன் நள்ளிரவு வரை விழிக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் தோற்றுத் திரும்பிய அவ்விளைஞனிடம் யாரேனும் ஒருவர் சென்று, "குற்றம் உன்மேலதன்று, சில்லின் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்" என்று கூறுவாராக. விலை கொடுத்து வாங்கிய கருவியின் மொழியை அறியும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு. அவ்வுரிமையைக் கேட்கத் துணிந்த அன்றே அவன் கற்பவன் என்னும் நிலை கடந்து, தன் கணினிக்கு உரியவன் ஆகின்றான்.