நின்றுவிடாதீர்கள், எழுதி நிறுத்துங்கள்

ஜிம், பேட்மின்டன் அகாடமி, நீச்சல் வகுப்பு என்று ஆண்டுக் கட்டணம் கட்டியிருக்கும் சென்னைவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள்



நாங்கள் சென்னையின் மேற்குப் புறநகரில் குடியிருக்கும் சில பெற்றோர்கள், ஜிம் உறுப்பினர்கள். சங்கமாகப் பதிவு செய்துகொள்ளவில்லை. கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு அவரவர் அலைந்தபோது, ஃப்ரண்ட் டெஸ்க்குக்கு எதிரே போட்டிருக்கும் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கமானவர்கள், அவ்வளவுதான். எங்களில் சிலருக்குப் பணம் வந்தது, சிலருக்கு வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரு காரியத்தைச் செய்திருந்தார்கள்: போவதை நிறுத்திய வாரத்திலேயே, நிறுத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். உங்களிடம் நாங்கள் கேட்பதும் அதைத்தான்.

ஜனவரியில் ஆஃபர் பார்த்துச் சேர்கிறோம். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஏப்ரலில் ஊர்த் திருவிழா, மே மாதம் வெயில். அடுத்த மாசம் போய்க்கலாம் என்று தள்ளித் தள்ளி ஆடியும் வந்துவிடும். அதற்குப் பிறகு போய்ப் பணம் கேட்க வாய் வருவதில்லை. போகாதது நம் தப்புதானே என்று நமக்கு நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறோம். 'ஒரு வருஷம் கட்டினால் மூன்று மாசம் இலவசம்' என்ற பேனர் தொங்குவதே அந்தக் கூச்சத்தை நம்பித்தான். கட்டியவர்கள் அத்தனை பேரும் ஒரே நாள் மாலை ஆறு மணிக்கு வந்து நின்றால் எந்த ஜிம்மிலும் டிரெட்மில் போதாது.

முதலில் சட்டத்தின் நிலையை உள்ளபடி சொல்லிவிடுகிறோம். 'மனசு மாறிவிட்டது, முழுப் பணத்தையும் கொடு' என்று கேட்கும் உரிமையை நம் நாட்டில் எந்தச் சட்டமும் பொதுவாகத் தரவில்லை. அப்படித் தருவதாக வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் போய்ச் சண்டை போடாதீர்கள். அதற்காக, ரசீதின் பின்பக்கம் ஊதா மையில் குத்தியிருக்கும் 'செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்ற முத்திரையைப் பார்த்ததும் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பவும் வேண்டாம். அந்த முத்திரை சட்டமல்ல, கடைக்காரர் ஆசைப்படுவது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. தருவதாகச் சொன்ன சேவையில் குறை இருந்து, அதை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், அது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அந்தச் சட்டம். ரசீதில் கெடு எதுவும் போட்டிருக்காவிட்டால் 30 நாளுக்குள் தந்தாக வேண்டும். கிளையை மூடிவிட்டு எட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கிளைக்கு வரச் சொல்வது, கோச் பெயரைச் சொல்லிச் சேர்த்துவிட்டு அவர் போன பிறகு பிளஸ் டூ பையனை நிறுத்தி வகுப்பு நடத்துவது, நீச்சல் குளத்தில் தண்ணீர் பச்சையாகிக் கிடக்க 'மெயின்டனன்ஸ்' என்று பலகை மாட்டுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இங்கே நீங்கள் சலுகை கேட்டு நிற்கவில்லை. உங்கள் பணத்தைக் கேட்கிறீர்கள்.

காரணம் உங்கள் பக்கம் இருந்தால், அதாவது அறுவை சிகிச்சை, வேலை மாற்றம், பிள்ளைக்குக் கை முறிவு என்றால், விஷயம் கொஞ்சம் இழுபறிதான். அப்போதும் கையை விரித்துவிட வேண்டாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் தண்டத் தொகை எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வாங்க முடியாது என்கிறது. ஒன்பது மாதம் கொடுக்கப்போகாத பயிற்சிக்கு ஒன்பது மாதப் பணத்தையும் வைத்துக்கொள்வது எந்த இழப்பை ஈடுகட்ட என்று கேட்கலாம். எங்களில் ஒருவரின் மகனுக்கு மணிக்கட்டு முறிந்தது. 'அடுத்த பேட்ச்ல சேத்துக்கறோம்மா' என்ற அகாடமியிடம் அவர் எலும்பு மருத்துவரின் சான்றிதழையும் ரசீது நகலையும் இணைத்து, ஆடிய வாரங்களுக்கான பணத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று தானே எழுதிக் கொடுத்தார். பேச்சில் ஒரு மாதம் நகராதது, அந்த ஒரு தாளில் நகர்ந்தது.

கழிப்பது என்றதும் கணக்கு வரும். அங்கேதான் பெரும்பாலான சண்டைகள். ஆண்டுக் கட்டணம் ரூ. 18,000, மாதாமாதம் கட்டினால் ரூ. 2,500 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் போய்விட்டு நிறுத்துகிறீர்கள். பன்னிரண்டால் வகுத்தால் மூன்று மாதத்துக்கு ரூ. 4,500; மீதி 13,500 கேட்கத் தோன்றும். உரிமையாளரோ மாதக் கட்டணப்படி ரூ. 7,500 பிடித்து 10,500 தருவார். எங்கள் கருத்தில் உரிமையாளரின் கணக்கில் நியாயம் இருக்கிறது. ஓராண்டு வருவேன் என்று நாம் சொன்னதற்குத்தான் அந்தத் தள்ளுபடி. வராவிட்டால் தள்ளுபடி போகும். இந்த 3,000 ரூபாய்க்காக ஆறு மாதம் மல்லுக்கட்டுவதைவிட, 10,500ஐ இந்த மாதமே வாங்கிக்கொள்வது மேல். எங்களில் இதை ஒப்புக்கொள்ளாத ஒருவர் இருக்கிறார். அவர் இன்னும் அலைகிறார்.

கட்டிய பணம் எல்லாம் ஒரே பணமும் அல்ல. சேர்க்கைக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது. டெபாசிட் என்று எழுதி வாங்கியது முழுதாகத் திரும்ப வேண்டியது; லாக்கர் சாவியையும் ஆக்சஸ் கார்டையும் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஜெர்சி, ராக்கெட் போன்றவை கைக்கு வந்துவிட்டால் அந்தப் பணத்தை மறந்துவிடலாம். பர்சனல் டிரெய்னருக்கென்று தனியாகக் கட்டியது வகுப்புக் கணக்கு: இருபத்துநான்கில் ஏழு முடிந்திருந்தால் பதினேழு பாக்கி. இந்தப் பணத்தை ஜிம் கட்டணத்தோடு சேர்த்து ஒரே தொகையாக ரசீது போட்டால் கட்டாயம் பிரித்துப் போடச் சொல்லுங்கள். பிறகு பிரிக்க முடியாது.

'ஜி.எஸ்.டி. கவர்மென்ட்டுக்குப் போயிடுச்சு சார், அது வராது' என்பார்கள். முழுக்கச் சரியல்ல. பணத்தைத் திருப்பித் தரும் வணிகர் அதற்குரிய வரியைக் கழிக்க கிரெடிட் நோட் போடலாம். சம்பந்தப்பட்ட நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரை அதற்கு அவகாசம் உண்டு. ஜிம்முக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன்பு ஆண்டுக் கட்டணம் கட்டியவர்களுக்கு இந்தத் தொகை சில்லறை அல்ல.

இனி நாங்கள் அதிகம் அஞ்சும் இடத்துக்கு வருகிறோம். 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று சொல்லி ஃப்ரண்ட் டெஸ்க் பெண் உங்கள் ஃபோனை வாங்கி, ஆதார் ஓடிபி கேட்டு, இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுப்பது ஜிம் தவணை அல்ல. ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுத்த கடன். ஜிம்முக்கு மொத்தப் பணமும் போய்விடும். ஜிம் மூடினாலும் தவணை ஓடும். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் விழும், நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். எனவே ஜிம்முக்கு எழுதும் கடிதத்தின் நகலைக் கடன் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். ஆப் வழியாக எடுத்த இந்த வகைக் கடனில் இருந்து அபராதமின்றி வெளியேற, அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி முடித்துக்கொள்ள, சிறு அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது ஒரே நாளாகக்கூட இருக்கலாம், அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். கடன் நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் இல்லை.

ஆட்டோ பே வேறு கதை. யூபிஐ ஆப்பிலோ வங்கி ஆப்பிலோ நாமே ரத்து செய்துவிடலாம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே செய்தி அனுப்ப வேண்டும் என்பதும் விதி; அந்தச் செய்தியைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் ஆட்டோ பேயை நிறுத்தினால் உறுப்பினர் பதவி முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை. பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். பழைய பெரிய கிளப்களில் இது இன்னும் கறார்: ராஜினாமாக் கடிதம் கொடுத்து, கமிட்டி ஏற்கும்வரை மாதச் சந்தா ஏறும், நோட்டீஸ் போர்டில் பாக்கிதாரர் பட்டியலில் பெயர் வரும். அங்கே துணை விதிகள்தான் ஒப்பந்தம், பிரதி கேட்டு வாங்கிப் படியுங்கள்.

சேருவதற்கு ஒரு பட்டன், விலகுவதற்கு மட்டும் 'நேரில் வாருங்கள், மேனேஜரைப் பாருங்கள்' என்று ஆப் சொல்கிறதா? 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்கிறது. சந்தாப் பொறி அதில் ஒன்று. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் விஷயம் தனி. 'இன்னைக்கு லீவு சார், திங்கட்கிழமை வாங்க' என்பார்கள். திங்கட்கிழமை 'ஹெட் ஆஃபீஸ்ல கேக்கணும்'. அடுத்து 'ஃப்ரீஸ் பண்ணிக்கோங்க, வேற யாருக்காவது டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கோங்க'. உண்மையிலேயே திரும்பி வருவீர்கள் என்றால் ஃப்ரீஸ் நல்லதுதான். இல்லையென்றால் அது நாள் கடத்தும் வேலை. அந்தப் பெண்ணோ பையனோ சம்பளத்துக்கு நிற்பவர்கள், அவர்களிடம் குரலை உயர்த்திப் பயனில்லை. கடிதத்தைக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சலும், சென்று சேர்ந்ததற்கான அத்தாட்சியுடன் ஸ்பீடு போஸ்டும். ஃபோனில் சொன்னேன் என்பது எங்கும் எடுபடாது.

கடிதம் இவ்வளவு போதும்:

'தங்கள் நிலையத்தில் ___ தேதியிட்ட ___ எண் ரசீதின்படி ஓராண்டுக் கட்டணம் ரூ. ___ செலுத்தினேன். ___ காரணமாக இன்று முதல் உறுப்பினர் பதவியை முடித்துக்கொள்கிறேன். இன்றுவரை பயன்படுத்திய ___ மாதத்துக்கான தொகையைக் கழித்து, மீதி ரூ. ___ஐயும் டெபாசிட் ரூ. ___ஐயும் 30 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். வேறு பிடித்தம் இருந்தால் அதன் கணக்கை எழுத்தில் தரவும்.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கணக்கை எழுத்தில் கேட்டதும் 'பாலிசி' என்ற சொல் மறைந்து, எண்கள் வர ஆரம்பிக்கும்.

30 நாளில் அசைவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்ல, நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பவர்கள். பெரிய நிறுவனங்களிடம் இது வேலை செய்கிறது. தெருமுனை ஜிம்மிடம் அவ்வளவாக இல்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டியதில்லை, இணையத்தில் இ-ஜாக்ருதி வழியாகவே தாக்கல் செய்யலாம். ஒப்பந்தத்தில் 'மும்பை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று பொடி எழுத்தில் இருக்கும், கவலைப்படாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மத்தியஸ்தர் முன்புதான் வர வேண்டும் என்ற ஷரத்தும் நுகர்வோர் புகாரைத் தடுக்காது என்று எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; வாய்தாக்கள் வேறு சொல்லும். பொறுமை இருப்பவர்கள் மட்டும் இறங்குங்கள்.

ஜிம் நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகை, கரன்ட் பில், டிரெய்னர் சம்பளம் எல்லாம் எங்களுக்குத் தெரியும். விலகும் விதியைச் சேரும் தாளின் முதல் பக்கத்திலேயே, தமிழில், கணக்கோடு எழுதி ஒட்டிவிடுங்கள். அப்படி எழுதியிருக்கும் இடத்தில் நாங்கள் பிடித்தத்தைப் பற்றிப் பேசமாட்டோம்.

இனிமேல் சேரப்போகிறவர்கள் முதல் மூன்று மாதம் மாதக் கட்டணமே கட்டுங்கள். கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் போகிறோமா என்பது நமக்கே தெரிந்துவிடும். நீச்சல் மட்டும் என்றால் முதலில் வேளச்சேரியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் வளாகம் போன்ற அரசுக் குளங்களில் விசாரியுங்கள்.

ஒரே இரவில் ஷட்டர் இறக்கிய கிளையில் பணம் கட்டியவர்கள் தனித்தனியாகப் போக வேண்டாம். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதி பெற்றுச் சேர்ந்தே ஒரு புகார் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. கதவில் ஒட்டிய அறிவிப்பைப் படம் எடுங்கள், அந்த ஜிம்மின் வாட்ஸ்அப் குழு கலைக்கப்படும் முன் உறுப்பினர்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ரசீதுகளை ஒரே இடத்தில் சேருங்கள். அந்தக் குழு முதல் வாரத்திலேயே காணாமல் போகும்.

இப்படிக்கு,
மேற்குப் புறநகர் பெற்றோர்களும் ஜிம் உறுப்பினர்களும்
சென்னை